பத்து நாள் சீனப் பயணம்: படிப்பா, பிக்னிக்கா?

2 நவம்பர் 2025 – ஒரு வாசகரின் கேள்வி

மகள் எம்பிஏ முதலாமாண்டு படிக்கிறாள். வரும் ஏப்ரலில் சீனாவுக்குப் பத்து நாள் தொழில்கல்விப் பயணம் என்று கல்லூரியில் சுற்றறிக்கை கொடுத்திருக்கிறார்கள். ஒன்றே முக்கால் லட்சம். கட்டாயம் இல்லையாம், ஆனால் இரண்டு கிரெடிட் உண்டாம். இது டிராவல் ஏஜென்ட்டும் கல்லூரியும் சேர்ந்து நடத்தும் பிக்னிக் என்பது என் கருத்து. போய் வந்தவர்கள் யாராவது இல்லை என்று சொல்ல முடியுமா?

3 நவம்பர், இரவு – போய் வந்த ஒருவரின் பதில்

முழுதாக இல்லை என்று சொல்ல முடியாது சார். நான் 2019 ஏப்ரலில் இதே மாதிரி ஒரு பயணம் போனேன். 24 மாணவர்கள், இரண்டு பேராசிரியர்கள், ஏஜென்ட்டின் ஆள் ஒருவர். 18ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டுவிட்டு 20ஆம் தேதி இரவு சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாகக் கிளம்பினோம். குவாங்சோ, ஷென்சென், யீவூ, ஷாங்காய். விரலில் மை காயாமல் போனதால் போகிற கடையிலெல்லாம் இது என்ன நோய் என்கிற மாதிரி பார்த்தார்கள்.

பத்து நாளில் உருப்படியாகக் கற்றது ஒன்றரை நாள். அதுவும் யீவூவில், சில்லறைச் சாமான்களின் மொத்தச் சந்தை ஊரில். மற்ற நாட்களில் ஒரு புத்தாக்க மையத்தில் மூன்று மணி நேரச் சொற்பொழிவு கேட்டோம். ஏசி நன்றாக இருந்தது, பேராசிரியர் உட்பட எல்லோரும் தூங்கினோம். இரண்டு நிறுவனங்களின் ஷோரூமைப் பார்த்தோம். கவனியுங்கள், ஷோரூம், தொழிற்சாலை அல்ல. நுழைந்ததும் பெரிய திரையில் படம் ஓடும், ஒரு பெண் சுட்டுக்கோல் வைத்து விளக்குவார், வாசலில் குரூப் போட்டோ, தண்ணீர் பாட்டில், முடிந்தது. அந்தப் போட்டோதான் இன்றைக்கும் கல்லூரி புரோஷரில் இருக்கிறது. அதில் மூன்றாவது வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவன் நான்.

கான்டன் கண்காட்சிக்கும் இரண்டு நாள் கூட்டிப் போனார்கள். 1957இலிருந்து குவாங்சோவில் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் ஏற்றுமதி வியாபாரக் கண்காட்சி அது, வாங்க வருகிறவர்களுக்கானது. மாணவர் என்றால் சிக்கல் வரும் என்று ஏஜென்ட் எங்கள் எல்லோருக்கும் விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தார். 24 பேரும் ஒரே கம்பெனியில் 'பர்ச்சேஸ் மேனேஜர்'. விற்க ஒருவரும் இல்லாத, வாங்க மட்டுமே 24 மேனேஜர் வைத்திருக்கும் கம்பெனி.

3 நவம்பர், நள்ளிரவு

திருத்தம். போனது 23 பேர். ஒருவனுக்குப் பாஸ்போர்ட் காலாவதியாக ஐந்து மாதம்தான் இருந்தது, விசாவுக்கு ஆறு மாதம் வேண்டும். பணம் கட்டும்போது யாரும் பார்க்கவில்லை. சார், மகளின் பாஸ்போர்ட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

5 நவம்பர்

அந்த ஒன்றரை நாளில் அப்படி என்ன கற்றாய் என்று கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

ராஜபாளையத்தில் என் தாய்மாமா ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார். வளையல், பொட்டு, ரிப்பன், கிளிப். நான் சீனா போகிறேன் என்றதும் ஒரு கிளட்ச் கிளிப்பை என் கையில் வைத்து, "இது அங்க என்ன விலைன்னு கேட்டுட்டு வா மாப்ள" என்றார். பாரிமுனை மொத்தக் கடையில் அவர் அதை ஆறு ரூபாய்க்கு எடுத்துப் பத்து ரூபாய்க்கு விற்றார். பாரிமுனைக்காரர் தன்னை மொட்டையடிக்கிறார் என்பது மாமாவின் இருபது வருட நம்பிக்கை.

யீவூ சந்தையைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அப்போது ஐந்து வளாகங்கள், சுமார் 75,000 கடைகள். கடை என்றால் ஒரு அறை அளவுக் கூண்டு. சுவர் முழுக்க மாதிரிகள், மேசையில் கால்குலேட்டர், டீ ஃபிளாஸ்க். சரக்கு அங்கே இருக்காது, ஆர்டர் மட்டும்தான். தலையில் மாட்டுகிற சமாச்சாரம் எல்லாம் முதல் வளாகம், இரண்டாம் தளம். மற்றவர்கள் பொம்மைப் பக்கம் செல்ஃபி எடுக்கப் போனபோது நானும் ஒரு நண்பனும் கிளிப்போடு அங்கே ஏறினோம்.

முதல் நான்கு கடைகளில் எங்களை மதிக்கவே இல்லை. ஐந்தாவதில் ஒரு நடுத்தர வயது அம்மா கிளிப்பை வாங்கி, இரண்டு முறை அழுத்திப் பார்த்து, ஸ்பிரிங்கை நகத்தால் சுண்டினார். எழுந்து போய்ச் சுவரிலிருந்து மூன்று கிளிப் எடுத்து வந்து வரிசையாக வைத்தார். என் கண்ணுக்கு நான்கும் ஒன்றுதான். அவர் கால்குலேட்டரில் மூன்று விலை அடித்துக் காட்டினார். நடுவில் இருந்தது எங்களுடையது. முதல் கிளிப்பில் ஸ்பிரிங் மெல்லிசு, மூன்றாவதில் பிளாஸ்டிக் வேறு. வளைத்துக் காட்டினார், ஒடியவில்லை.

நான் "என்ன விலை" என்று கேட்கப் போனேன். அவர் "எந்த விலைக்கு வேண்டும்" என்று திருப்பிக் கேட்டார். விலையை நாம் சொல்ல வேண்டும், அதற்கு ஏற்ற கிளிப்பை அவர்கள் செய்வார்கள். சீனப் பொருள் மட்டம் என்று நம் ஊரில் பேசுகிறோமே, அந்த மட்டத்தைக் கேட்டு வாங்கியது யார் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அடுத்த கேள்வி: எத்தனை? நான் பெருமையாக "பத்து குரோசு" என்றேன். ஒரு குரோசு 144, ஆக 1,440. மொழிபெயர்ப்புச் செயலி அதை எப்படிச் சொன்னதோ, அவர் சிரித்தார். நமக்கு வேண்டிய நிறத்தில் வேண்டும் என்றால் குறைந்தது பத்துப் பெட்டி. பெட்டிக்கு 60 டஜன். அதாவது 7,200 கிளிப். ராஜபாளையத்தில் மாமா அந்த மாடலில் மாதம் ஒரு குரோசு விற்பார். ஐம்பது மாதச் சரக்கு.

எங்களுக்கு டீ கொடுத்தார். விலை அப்போது மூன்று ரூபாய் வந்தது, பாரிமுனை விலையில் சரியாகப் பாதி.

6 நவம்பர்

யீவூ வழிகாட்டிகள் எல்லோரும் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: கடைக்கு மூன்று நிமிடம், நாளைக்கு எட்டு மணி நேரம் என்று பார்த்தால் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். நான் போட்டுப் பார்த்தேன், 469 நாள். எங்களுக்கு ஒதுக்கியது ஒன்றரை நாள். அதிலும் அரை நாள் பேராசிரியர் தன் வீட்டுக்காரம்மாவுக்குக் கைப்பை தேடினார்.

8 நவம்பர்

பழைய நோட்டுப் புத்தகம் பரணில் கிடைத்தது. 5ஆம் தேதி எழுதியதில் இரண்டு தப்பு.

ஒன்று, டீ கொடுத்தது அந்த அம்மா அல்ல, அடுத்த தளத்தில் ரிப்பன் விற்ற ஒரு பெரியவர். அந்த அம்மா ஒன்றும் கொடுக்கவில்லை. கடைசியில் என் கிளிப்பையே திருப்பித் தர மறந்து, நான் கேட்டுத்தான் வாங்கினேன்.

இரண்டு, விலை. டஜன் 4.20 யுவான் என்று எழுதியிருக்கிறேன். ஒன்று 0.35 யுவான். அப்போது ஒரு யுவான் சுமாராகப் பத்து ரூபாய், ஆக மூன்றரை ரூபாய். அதுவும் சந்தை விலை. அதன் மேல் ஏஜென்ட் கமிஷன், நிங்போ துறைமுகம் வரை லாரி, கப்பல் வாடகை, சென்னையில் சுங்கம், ஜிஎஸ்டி, கிளியரிங். அங்கே கடை வைத்திருந்த ஒரு தமிழ்நாட்டு ஏஜென்ட் அண்ணன் நோட்டிலேயே போட்டுக் காட்டியிருக்கிறார், அவர் கையெழுத்து. பாரிமுனைக்கு வந்து இறங்கும்போது 4.90. பாதி விலை என்றேனே, அது என் ஞாபகம் செய்த கூட்டல்.

பாரிமுனைக்காரர் அதை ஆறு ரூபாய்க்குக் கொடுக்கிறார். ஒரு ரூபாய் பத்துக் காசு. அதற்கு அவர் என்ன செய்கிறார்? முழுக் கன்டெய்னருக்குப் பணத்தைப் போடுகிறார்; 30 சதவீதம் முன்பணம், மிச்சம் சரக்குக் கப்பல் ஏறியதும். பெட்டியை உடைத்து மூன்று குரோசு, நான்கு குரோசு என்று தருகிறார். ஓடாத நிறத்தைத் தன் தலையில் கட்டிக்கொள்கிறார். மாமாவுக்கு 45 நாள் கடன் வேறு. மாமா தீபாவளிக்கு எடுத்ததைப் பொங்கலுக்குத்தான் தீர்ப்பார், அது தனிக்கதை.

ஊருக்கு வந்து மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. இருபது வருடமாகத் திட்டி வந்த ஆளை ஒரு நாளில் நல்லவன் ஆக்கினால் யாருக்குப் பிடிக்கும்?

8 நவம்பர், சற்று நேரம் கழித்து

ஐம்பது மாதச் சரக்கை மே 2019இல் இறக்கியிருந்தால் 2023 ஜூன் வரை வந்திருக்கும். நடுவில் கொரோனாவில் கடையே மூடிக் கிடந்தது. அந்த அம்மா சிரித்தது சரிதான்.

9 நவம்பர்

சீனர்கள் ஆறிலிருந்து பத்து வரைக்கும் ஒரே கையில் காட்டுவார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எட்டு என்றால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் நீட்டுவது. நம் கண்ணுக்கு அது இரண்டு. ஷென்செனில் ஹுவாச்சியாங்பெய் மின்னணுச் சந்தையில் என் நண்பன் சார்ஜர் ஒயர் ஒன்று இரண்டு யுவான் என்று நினைத்து, நம் பாணியில் தலையை ஆட்டி, நாற்பது கேட்டான். பொட்டலம் கட்டி முடித்தபின் 320 யுவான் என்றார்கள். அவன் தலையாட்டியதை அவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு வேண்டாம் என்று அவன் ஆட்டியதும் பார்க்க அப்படியேதான் இருந்தது. கடைசியில் பத்து ஒயரோடு தப்பித்தான். 40 பக்கப் பயண அறிக்கையில் இந்தச் சம்பவம் இல்லை. அதில் இருந்தது வலிமை, பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம். 23 பேருக்கும் அதே நான்கு கட்டம்.

12 நவம்பர்

சாப்பாடு பற்றிக் கேட்ட அம்மாவுக்கு: சைவம் என்றால் கஷ்டம், முடியாதது இல்லை. கீரை வதக்கல்தானே என்று வாங்கினால் உள்ளே பன்றித் துணுக்கு கிடக்கும். 'இறைச்சி, மீன், முட்டை, இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம்' என்று சீனத்தில் அட்டையில் எழுதி வாங்கிக் கொள்ளச் சொல்லுங்கள். முட்டை சாப்பிட்டால் பிழைத்தாள். தக்காளியும் முட்டையும் போட்டு ஒரு பொரியல் எல்லா ஊரிலும் உண்டு. தயிர் என்று கடையில் விற்பது இனிக்கும். எங்கள் கூட வந்த ஒருவன் அதில் சோற்றைப் பிசைந்து ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டான், பார்க்கப் பாவமாக இருந்தது. யீவூவில் கவலையே இல்லை, இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் வேண்டிய அளவு. ரயிலில் ஒவ்வொரு பெட்டியிலும் வெந்நீர் வரும், பருப்புப்பொடி சாதத்தைவிட கப் நூடுல்ஸ் வசதி.

குவாங்சோவிலிருந்து யீவூவுக்கு அதிவேக ரயிலில்தான் போனோம். காலையில் ஏறினால் மத்தியானம் தாண்டி இறங்கலாம். சொற்பொழிவுகளைவிட அந்த ஜன்னல் எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது என்று எழுத நினைத்தேன். உண்மையில் பாதி நேரம் தூங்கினேன்.

16 நவம்பர்

முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். தொழிற்சாலையே பார்க்கவில்லை என்ற மாதிரி எழுதிவிட்டேன். ஒன்று பார்த்தோம். யீவூவுக்கு வெளியே பிளாஸ்டிக் டப்பா செய்யும் சின்னக் கம்பெனி, அந்த ஏஜென்ட் அண்ணன் தன் செல்வாக்கில் கூட்டிப் போனார், கல்லூரித் திட்டத்தில் இல்லாதது. 28 ஏப்ரல், ஞாயிற்றுக்கிழமை. ஆனால் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மே தின விடுமுறையை அந்த வருடம் நான்கு நாளாக நீட்டினார்கள், அதற்கு ஈடாக 28ஆம் தேதி ஞாயிறும் மே 5 ஞாயிறும் வேலை நாள் ஆயின. விடுமுறையையும் கடனாகத்தான் கொடுக்கிறார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கை அணைத்துவிட்டு ஆபீஸ்காரர்கள் மேசையிலேயே தலை வைத்துத் தூங்கினார்கள். நாங்கள் அதைப் போட்டோ எடுத்துச் சிரித்தோம். தூங்கியது பற்றிச் சிரிக்க எங்களுக்கு அருகதை இல்லை, மேலே எழுதியிருக்கிறேன்.

இப்போது நான் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் பர்ச்சேஸில் இருக்கிறேன் (மேனேஜர் இல்லை, அந்த விசிட்டிங் கார்டுக்கு இன்னும் இரண்டு படி ஏற வேண்டும்). அந்த டப்பாக் கம்பெனிக்கு இன்றைக்குப் போனால் எதைப் பார்ப்பேன் என்று யோசித்தேன். சுவரோரம் இரும்பு ரேக்கில் மோல்டுகள், அதாவது பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சுகள், அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றிலும் சீட்டு. வாடிக்கையாளர் காசு போட்டுச் செய்த மோல்டு, கம்பெனியில் உட்கார்ந்திருக்கிறது. நாளைக்குச் சண்டை வந்தால் வாடிக்கையாளர் அதை எடுத்துக்கொண்டு போக முடியுமா? ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வரி உண்டா? அன்றைக்கு அந்த ரேக்குக்கு முன்னால் நின்றுதான் போட்டோ எடுத்தோம். ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எங்களோடு வந்த பேராசிரியர் கேட்டது: "மொத்தம் எத்தனை ஊழியர்?"

ஆக, கூட்டிப் போனவர்கள் காட்டவில்லை என்று மட்டும் குறை சொன்னது சரியில்லை. காட்டியபோதும் எங்களுக்குக் கண் இல்லை. இதை எழுத ஆறு வருடம் ஆகியிருக்கிறது.

17 நவம்பர்

யீவூ ஏன் இப்படி ஆனது, துறைமுகம்கூட இல்லையே என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. நிலம் சுமாரான ஊர். மலைப்பாங்கான மண்ணுக்கு உரம் வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்கள் கிலுகிலுப்பைப் பறையை ஆட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், வெல்ல மிட்டாய் கொடுத்துக் கோழி இறகு வாங்கி வருவார்கள். நம் ஊரில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த அதே வியாபாரம். அப்புறம் ஊசி, நூல், பொத்தான் என்று கூடையில் சேர்ந்தன. மாவோ காலத்தில் இது குற்றம், பிடித்தால் பறிமுதல்.

1982இல் ஃபெங் ஐச்சியான் என்ற தெருவியாபாரிப் பெண், புதிதாக வந்த மாவட்டக் கட்சிச் செயலாளர் ஷியே காவ்ஹுவாவிடம் நேரே போய், ஏன் எங்களை விற்க விடுவதில்லை என்று சண்டை போட்டார். அவர் கேட்டுக்கொண்டார் என்பதுதான் அதிசயம். அந்த செப்டம்பரில் சந்தைக்கு அதிகாரபூர்வமாக அனுமதி கொடுத்தார்கள். மேலிடம் வாய் திறந்து சொல்வதற்கு முன்னால் எடுத்த முடிவு, பதவி போயிருக்கலாம். நாங்கள் போய் வந்த அதே வருடம், 2019 அக்டோபரில், ஷியே இறந்தார். ஷென்சென் கதையை எல்லோரும் சொல்வார்கள். 1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலம், பெய்ஜிங்கே தீர்மானித்தது. யீவூ அப்படி இல்லை. எங்களுக்குச் சொற்பொழிவு செய்தவர் இதைச் சொல்லவில்லை. அல்லது நான் தூங்கியபோது சொன்னாரோ என்னவோ.

22 நவம்பர்

பணம், போன். 2019இல் இது நரகம். டீக்கடை வரை அலிபே, வீசாட் செயலிகளில் ஸ்கேன்தான், ஆனால் சீன வங்கிக் கணக்கு இல்லாமல் எங்களால் அதில் பணம் போட முடியாது. நூறு யுவான் நோட்டை நீட்டினால் சில்லறை தேடி ஓடுவார்கள். இப்போது வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை அதில் இணைக்கலாம். 200 யுவானுக்கு மேல் ஒரு பரிமாற்றம் போனால் 3 சதவீதம் கட்டணம். கிளம்பும் முன் வங்கியில் சர்வதேசப் பயன்பாட்டைத் திறந்து, இரண்டு அட்டை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் எதுவும் அங்கே திறக்காது. நம் சிம்மில் ரோமிங் போட்டால் திறக்கும். எங்கள் 23 பேரில் ரோமிங் போட்டவன் ஒருவன்தான். நாங்கள் குவாங்சோவில் இறங்கிய நாள்தான் இலங்கையில் ஈஸ்டர் குண்டுவெடிப்பு. வீடுகளில் டிவியைப் பார்த்துவிட்டு, இவர்கள் எந்த வழியாகப் போனார்கள் என்றே சரியாகத் தெரியாமல், எங்கள் அம்மாக்கள் எல்லோரும் மாற்றி மாற்றி அழைத்திருக்கிறார்கள். ஒருவர் போனும் எடுபடவில்லை. இரவு ஒன்பது மணிக்கு அந்த ஒருவனின் போனை ஹோட்டல் வராந்தாவில் வரிசையில் நின்று வாங்கிப் பேசினோம். அவன் பில் எவ்வளவு வந்தது என்று கடைசி வரை சொல்லவில்லை.

விமானம்: 2020இல் நின்றுபோன நேரடிச் சேவை 2025 அக்டோபர் 26 முதல் கொல்கத்தா–குவாங்சோ என்று மறுபடி ஆரம்பித்திருக்கிறது. சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு சிங்கப்பூர், கோலாலம்பூர் வழிதான் இன்னும் தோது.

30 நவம்பர்

கேள்வி கேட்ட சார் திரும்ப வந்திருக்கிறார், மகள் பிடிவாதம் பிடித்து முன்பணம் கட்டிவிட்டாளாம். நல்லது. கல்லூரியில் இரண்டு விஷயம் கேளுங்கள். யீவூவுக்கு எத்தனை நாள்? ஒன்றரை என்றால் மூன்றாக்கச் சொல்லுங்கள், அந்த ஷாங்காய் காந்த ரயிலை விட்டுவிட்டாலும் பரவாயில்லை. எட்டு நிமிடம்கூட வராத சவாரிக்கு எங்களுக்கு அரை நாள் போனது. (மணிக்கு 430 கிலோமீட்டர் என்று பலகையில் வந்தபோது நானும் கத்தினேன், அது வேறு.) இரண்டாவது, விசிட்டிங் கார்டில் மாணவி என்றே போடச் சொல்லுங்கள். பர்ச்சேஸ் மேனேஜரிடம் அளவு கேட்பார்கள், முன்பணம் கேட்பார்கள். பதில் இல்லாவிட்டால் அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். யீவூவில் நான் மாணவன் என்று உளறிய பிறகுதான் ரிப்பன் பெரியவர் டீ ஊற்றினார்.

தேதியையும் ஒரு தடவை பாருங்கள். அடுத்த ஏப்ரல்–மேயில் சட்டமன்றத் தேர்தல் வரும். மை பற்றி ஏற்கெனவே எச்சரித்திருக்கிறேன்.

7 டிசம்பர்

நேற்று ஒரு கல்யாணத்துக்கு ராஜபாளையம் போயிருந்தேன். இந்த இழையைப் பற்றி மாமாவிடம் சொன்னேன், பாரிமுனைக் கணக்கை ஊருக்கே சொல்லிவிட்டாயா என்று கோபித்துக்கொண்டார். யாரோ ஒரு பெண் ஏப்ரலில் யீவூ போகிறாள் என்றதும் எழுந்து உள்ளே போனார். கல்லாப்பெட்டி அடித்தட்டிலிருந்து அதே கிளட்ச் கிளிப்பை எடுத்து வந்தார், பல் ஒன்று உடைந்திருந்தது.

சார், உங்கள் முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். யுவான் இப்போது பன்னிரண்டு ரூபாயைத் தாண்டிவிட்டது, விலை மாறியிருக்கும் என்கிறார்.